யாரும் கூப்பிடாத ஃப்ரீசர் பெட்டி

என் தங்கை யுவராணி செத்துப்போய்விட்டாள் என்று கம்ப்யூட்டர் சொன்ன நேரத்தில், அவள் மாடியில் படுத்துக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆபரேஷன் முடியும்வரை அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. நான் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று உளுந்த வடை தின்றதுதான் குற்றம்.

அந்த வடையோடு கீழே இறங்கி வந்தபோதுதான் வரவேற்பு மேசைத் திரையைப் பார்த்தேன். எல்லாப் பெயர்களும் பச்சையில் இருக்க, ஒரு பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் கிடந்தது. யுவராணி, இருபத்தேழு வயது, சுருளிப்பட்டி. பக்கத்தில் ஒரே ஒரு சொல்: இறந்தவர்.

வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது.

என் பெயர் மதன்குமார். தேனியில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மாடியில் நடக்கும் தேவயானி துப்பறியும் நிறுவனத்தின் ஒரே ஊழியன். வண்டி ஓட்டுவது, டீ வாங்கி வருவது, அடி விழுந்தால் முதலில் வாங்கிக்கொள்வது எல்லாம் என் இலாகா. மூளையை உபயோகிப்பது தேவயானியக்காவின் இலாகா. கம்பத்தில் இருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கு நாங்கள் வந்ததே இந்தச் சாம்பல் நிறத்தைப் பற்றி விசாரிக்கத்தான். என் தங்கைக்கும் இங்கேதான் பிரசவம் என்பதால் ஒரே பெட்ரோலில் இரண்டு வேலை என்று சந்தோஷப்பட்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியை ஆரம்பித்தவர் டாக்டர் ராக்கப்பன். அவருடைய மருமகள் டாக்டர் அனுஷ்கா, அட்டை, சீட்டு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அதோடு நிற்காமல், உத்தமபாளையத்திலிருந்து சின்னமனூர்வரை உள்ள டாக்டர்களையெல்லாம் மாறச் சொல்லிப் படை திரட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு நோயாளி உயிரோடு இருக்கும்போதே திரை அவரை இறந்தவர் என்று காட்டியது. அன்று சாயங்காலமே அவர் போய்ச் சேர்ந்தார். போன வாரம் இரண்டாவது ஆள். அவரும் மறுநாள் விடியும்போது இல்லை. ஊழியர்கள் கம்ப்யூட்டருக்கு எமன் பெட்டி என்று பேர் வைத்துவிட்டார்கள். மாறுவதாகச் சொன்ன டாக்டர்கள் ஒவ்வொருவராக நழுவ ஆரம்பிக்கவே, அனுஷ்கா எங்களைக் கூப்பிட்டார்.

இப்போது மூன்றாவது பெயர்.

"அக்கா..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தேவயானியக்கா ஏற்கெனவே திரையின் முன்னால் நின்றிருந்தார். நாற்பது வயது, சின்ன உருவம், எப்போதும் தோளில் ஒரு துணிப்பை. என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கம் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. அவர் என்மேல் இரக்கப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"மேல போயி பாத்தியா?"

"இப்பத்தான் திட்டு வாங்கிட்டு வர்றேன். நல்லாத்தான் இருக்கா."

"அப்ப பயப்படாத."

"நீங்க பயப்படாதன்னு சொன்னா எனக்கு ரெண்டு மடங்கு பயம் வருதுக்கா."

டாக்டர் அனுஷ்கா வேகமாக வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "திருத்தப் பாத்தேன் மேடம். முடியல. யாரு பேர்ல பதிஞ்சிருக்கோ அவுகதான் திருத்தணும்னு சொல்லுது."

"யாரு பேர்ல பதிஞ்சிருக்கு?"

அனுஷ்கா தயங்கினார். "மாமா பேர்ல. மூணுமே."

பக்கத்திலிருந்த பெரிய டாக்டரின் அறைக்கதவு திறந்திருந்தது. உள்ளே ராக்கப்பன் மூக்குக்கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய கம்பீரம். சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"நான் அந்தப் பெட்டிய விரலாலகூடத் தொட்டதில்ல. இனிமேயும் தொடமாட்டேன். எம் பேர யாரு போட்டாகளோ, அவுகளக் கேளுங்க" என்றார்.

"அப்ப அய்யா பேரு எப்பவும் அதுல திறந்தே கிடக்குமா?" என்று அக்கா கேட்டார்.

பதில் சொன்னது தலைமை நர்ஸ் முருகம்மாள். "காலையில பெரிய டாக்டர் பேரத் திறந்துட்டுத்தான் வேலைய ஆரம்பிப்போம். வெளியேறவான்னு கேக்கும். அய்யா பேரப் போட்டு வெளியேறுன்னு எப்படிம்மா அமுக்குறது? எங்களுக்கு மனசு வரலை. அப்படியே விட்டுருவோம்."

அதாவது, பெரிய டாக்டர் மேலுள்ள மரியாதையால் இந்த ஆஸ்பத்திரியில் எல்லோருமே பெரிய டாக்டர். துடைப்பத்தோடு வருகிறவர்கூட நினைத்தால் யாரையும் சாகடிக்கலாம். மேலே என் தங்கைக்கு ஊசி போடப் போகிறவர்களில் யாரோ ஒருவர்தான் அவளைச் சாம்பலாக்கியவர் என்று தோன்றிவிட்டது. முருகம்மாளின் கையில் இருந்த ஊசித் தட்டைக்கூடச் சந்தேகத்தோடு பார்த்தேன்.

அக்கா கம்ப்யூட்டரின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சந்தனமும் குங்குமமும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தன. மேல்விளிம்பில் ஒரு வாடிய செவ்வந்தி.

"ஆயுத பூசைக்கு இதுக்கும் பொட்டு வச்சீகளா?"

"பின்ன? ஸ்டெதாஸ்கோப்பு, பி.பி. மிஷின் எல்லாத்துக்கும் வச்சோம்" என்றார் முருகம்மாள். "பூசை போட்டா அன்னைக்கு ஆயுதத்தத் தொடக்கூடாதுல்ல? பி.பி. பாக்க வேற மிஷின் எடுத்துக்குவோம். இதுக்கு வேற ஏது? ஒயரப் புடுங்கி, மாலையப் போட்டு, ஒரு நாள் பூராவும் பழைய அட்டையிலதான் எழுதுனோம்."

அனுஷ்கா தலையில் கைவைத்துக்கொண்டார். இது அவருக்குப் புதுச் செய்தி போலிருந்தது.

அக்காவின் உதட்டோரத்தில் மட்டும் ஒரு சின்ன அசைவு. "ரெண்டாவது ஆள இறந்தவர்னு பதிஞ்சது என்னைக்கு டாக்டர்?"

அனுஷ்கா பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஆயுத பூசை அன்னைக்கு."

"ஒயரப் புடுங்கி மாலை போட்டிருந்த மிஷின்ல யாரு பதிஞ்சது?"

உண்மையிலேயே எமன்தான் என்று அங்கிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியிருக்கும். எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

"மதனு, பல்லத் தந்தியடிக்காத. சத்தம் கேக்குது" என்றார் அக்கா. "இந்த மிஷின்ல பதியலன்னா வேற எதுலயோ பதிஞ்சிருக்கு. டாக்டர், போன்ல இதத் திறக்கலாமா?"

"திறக்கலாம். ஆனா அவுகவுக போனுக்கு ஒரு நம்பர் வரும். அதப் போட்டாத்தான் திறக்கும்."

"அய்யா, உங்க போனக் கொஞ்சம் காட்டுங்க."

ராக்கப்பன் சட்டைப்பையைத் தொடவே இல்லை. வாசலைப் பார்த்து, "மலைச்சாமி!" என்று கூப்பிட்டார். பெரிய மனிதர்கள் போனைத் தாங்களே சுமப்பதில்லை. கண்ணாடிக் கூடு, கார்ச் சாவி, போன் மூன்றும் அவருடைய உதவியாள் மலைச்சாமியிடம்தான் இருக்கும்.

மலைச்சாமி வரவில்லை.

அக்கா ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொன்னார். எதிர்ப்புற டீக்கடை ஓரமாக ஒரு வெள்ளை வேன் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. உள்ளே நீளமான கண்ணாடி மூடி வெயிலில் மின்னியது.

இறந்தவர்களை வைக்கும் ஃப்ரீசர் பெட்டி.

"முருகம்மா, ஆஸ்பத்திரியில இன்னைக்கு யாரும் தவறிட்டாகளா?"

"இல்லம்மா. யாருமில்ல."

"அப்ப அந்தப் பெட்டி யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கு?"

நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் பார்த்தேன். அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி, அப்படியே சாலையைக் கடந்து இழுத்துக்கொண்டு போனார்.

வேன்காரன் பெயர் ராஜபாண்டி. டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் முகம் வெளுத்துப்போய் நின்றவர்தான் மலைச்சாமி. ஐம்பது வயது, காக்கிச் சட்டை. அந்தச் சட்டைப்பையில் பெரிய டாக்டரின் போன் பாதி நீட்டிக்கொண்டிருந்தது.

"பாடி எந்த மாடிங்க?" என்று ராஜபாண்டி என்னிடம் மரியாதையாகக் கேட்டான். "யுவராணின்னு மெசேஜ் வந்துருச்சு."

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அக்காதான் பிரித்துவிட்டார்.

"மலைச்சாமியண்ணே, நீங்களாச் சொல்லிருங்க" என்றார். "இவன நான் ரொம்ப நேரம் புடிச்சு வைக்க முடியாது."

மலைச்சாமி அழுதுவிட்டார்.

"ஆத்தா சத்தியமா நான் யாரையும் ஒண்ணும் பண்ணலம்மா. ராஜபாண்டி எம் மச்சான். டாக்டரம்மா கம்ப்யூட்டர் வந்ததும் ஒரு ஏற்பாடு பண்ணாக. ஆளு தவறுனதும் அதுல பதிஞ்சா, மெசேஜ் ரெண்டு வண்டிக்குத் தன்னால போகும். மொத வந்து நிக்கிற வண்டிக்குத்தான் வேல. இன்னொரு வண்டிக்காரன் கேட்டுக்குப் பக்கத்துலயே குடியிருக்கான். எம் மச்சான் கூடலூர்லருந்து வரணும். எப்பவும் பிந்திருவான். அதான்... தேறாதுன்னு டாக்டருமாரு கைய விரிச்ச கேஸ் இருந்தா, இவன முன்னாடியே இங்கன வரச் சொல்லி நிறுத்திட்டு, நானே பதிஞ்சிருவேன்."

ஆக, திரை யாருடைய சாவையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாகப் போகிறவர்களைப் பார்த்து ஒருவர் அவசரப்பட்டிருக்கிறார். அனுஷ்கா ஊழியர்களைக் கூட்டிவைத்துப் பாடம் நடத்தியபோது, உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே ஆள், ஓரமாகக் கண்ணாடிக் கூட்டோடு நின்ற இந்த மலைச்சாமிதான்.

"என் தங்கச்சி தேறாத கேசாய்யா?" என்று கத்தினேன்.

"அய்யோ, தங்கச்சியா! நான் பதிஞ்சது சங்கிலியம்மாளுக்கு. ஐ.சி.யு.வுல கெடக்கே, லோயர்கேம்ப் பொம்பள. ஈரல் கெட்டுப்போயி."

அக்கா போனை வாங்கக் கையை நீட்டினார். "எப்படித் தேடுனீக? பேரப் போட்டா?"

"பேர இங்கிலீசுல அடிக்கத் தெரியாதும்மா. போன் நம்பர அடிப்பேன். சங்கிலியம்மா குடுத்தது ஜீப்பு வீரபாண்டி நம்பரு. அது எனக்கு மனப்பாடம். அடிச்சேன், மொத வந்த பேர அமுக்கிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போவார்கள். தோட்டத்தில் சிக்னல் கிடையாது. வீட்டில் ஏதாவது என்றால் ஜீப் டிரைவருக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும். அதனால் ரேஷன் கடையில் கேட்டாலும், பேங்கில் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் ஜீப் டிரைவரின் நம்பரைத்தான் கொடுப்பார்கள். யுவராணி வயிறு தெரியும்வரை அந்த ஜீப்பில் போனவள். கையில் சொந்தப் போன் இருக்கிறது. அது சமையல் வீடியோ பார்க்க மட்டும்.

அந்த ஒரு நம்பரின் கீழே ஒரு ஜீப் நிறையப் பெண்கள். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவள் முதலில் வருவாள். அவள் என் தங்கை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்குப் பக்கத்து வீட்டுச் சிரிப்பு. "அவ்வளவுதானாக்கா? எமனும் இல்ல, கொலகாரனும் இல்ல. கை தவறிருச்சு. ஒரு டீ சொல்லவா?"

அக்கா சிரிக்கவில்லை. அவருடைய முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"மெசேஜ் தன்னால போகும்னாரே மதனு. ஃப்ரீசர் பெட்டிக்குப் போச்சு. வேற யாருக்கெல்லாம் போச்சு?"

அவர் ஓடினார். நானும் மலைச்சாமியும் பின்னால் ஓடினோம். கேள்வியைக் கேட்ட மாத்திரத்தில் அனுஷ்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

யுவராணிக்கு ஓ நெகட்டிவ். லேசில் கிடைக்காத ரத்தம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதால் ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போகலாம் என்று தேனியிலிருந்த ஒரு ரத்த வங்கியில் சொல்லிவைத்திருந்தார்கள். விடிந்ததும் வண்டி கிளம்பியும் விட்டது. இறந்தவர் என்று பதிந்த அந்த நிமிஷமே ரத்த வங்கிக்கும் செய்தி போயிருக்கிறது. இறந்தவருக்கு ரத்தம் எதற்கு?

சாவுப் பெட்டி வந்துவிட்டது. ரத்தப் பெட்டி திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

அனுஷ்கா போனை ஒலிபெருக்கியில் போட்டார். எதிர்முனையில் ஒரு சாந்தமான குரல். "வண்டி சின்னமனூர்லருந்து திரும்பிருச்சுங்க. நிறுத்தச் சொல்றேன். ஆனா எங்க ஸ்க்ரீன்ல அவுக தவறிட்டாகன்னுதான் இருக்கு. இதே குரூப்புக்கு இன்னொரு ஆஸ்பத்திரியிலயும் கேட்டு நிக்கிறாக. நீங்க திருத்தாம நான் பையை உங்களுக்கு விட முடியாதுங்க."

அப்போது மாடிப்படியில் முருகம்மாளின் குரல் கேட்டது. அவர் ஓடி இறங்கி வந்தார்.

"டாக்டரம்மா, சுருளிப்பட்டிப் புள்ளைக்கு ரத்தம் போக ஆரம்பிச்சிருச்சு! தாங்காது, உடனே தியேட்டருக்கு ஏத்தணும்!"

அனுஷ்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மாமனாரின் அறைக்குள் போய், அக்கா மலைச்சாமியிடமிருந்து வாங்கி வந்த போனை மேசையில் வைத்தார்.

"மாமா, போன்ல பதிஞ்சத அதே போன்லதான் திருத்த முடியும். நீங்கதான் திருத்தணும். நான் மேல போறேன்." பதிலுக்கு நிற்காமல் படியேறிவிட்டார்.

மலைச்சாமி கையை நீட்டினார். "அய்யா, நான் வேணா அமுக்கி..."

"நீங்க தொடாதீக" என்றார் அக்கா. "உங்க விரலு ஒருக்கா தவறுனது போதும். அய்யா தொடட்டும்."

ராக்கப்பன் போனைப் பார்த்தார். இத்தனை பெரிய மனிதர் பயந்து நான் பார்த்ததில்லை. நெற்றியில் வியர்வை. "எனக்கு இது தெரியாதும்மா" என்றார். அந்தக் குரலில் கம்பீரமே இல்லை. "நானும் தப்பா எதையாச்சும் அமுக்கிட்டா?"

"பேரப் படிங்கய்யா. ஒவ்வொரு பேரையும் முழுசாப் படிங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒற்றை விரலால் திரையை நகர்த்தினார். வீரபாண்டி நம்பரின் கீழே பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொன்றுக்கும் அவருடைய உதடு அசைந்தது. இது குள்ளப்பகவுண்டன்பட்டி, சர்க்கரை. இது ஆஸ்துமாக்காரப் பிள்ளை. இது சங்கிலியம்மாள். மேலே போய் நின்றார். "யுவராணி. நஞ்சு கீழ இருக்கிற கேஸ். நேத்து நாந்தான் கையப் புடிச்சுப் பாத்தேன்."

விரல் கண்ணாடியில் பட்டது. உறுதியா என்று அது கேட்டது. "உறுதிதான்" என்று வாயாலும் பதில் சொல்லிவிட்டு அமுக்கினார்.

சாம்பல், பச்சையானது.

"வந்துருச்சுங்க, பாத்துட்டேன்" என்றது ரத்த வங்கிக் குரல். "வண்டியத் திருப்புறேன். ஆனா அது பழைய வண்டி. ஏதாவது வண்டி வேகமா வந்து எதிர்ல வாங்கிக்கிட்டா நல்லது."

ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் கூடலூருக்குப் போயிருந்தது. என் ஸ்கூட்டரை நினைத்துப் பார்த்தேன். அக்கா ஜன்னல் வழியாக வெள்ளை வேனைப் பார்த்தார்.

"ராஜபாண்டி!" என்று கத்தினார். "உங்க வண்டிக்கு ரோட்டுல யாராச்சும் வழி விடாம இருப்பாகளா?"

அதுதான் அக்கா. சாவு வண்டிக்கு வழிவிடாத ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. லாரிகள் ஒதுங்கின. வாழைத்தார் ஏற்றிய டிராக்டர் மண்ணில் இறங்கி நின்றது. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே மேளத்தை நிறுத்திவிட்டு ஓரம்போனது. பைக்கில் போனவர்கள் செருப்பை உதறிவிட்டுக் கும்பிட்டார்கள். முன்சீட்டில் உட்கார்ந்திருந்த நான், அவர்கள் என் தங்கையைத்தான் கும்பிடுகிறார்களோ என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குப் பின்னால் காலிப் பெட்டியின் கண்ணாடி மூடி ஒவ்வொரு பள்ளத்துக்கும் கடகடத்தது. வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கு ஒரு நகைச்சுவையும் தோன்றவில்லை.

திராட்சைத் தோட்டம் ஒன்றின் ஓரமாக அந்தப் பழைய வண்டி எதிரே வந்தது. ஐஸ் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்டேன். திரும்பும்போது ராஜபாண்டி ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் பிரேக் போட்ட பிறகுதான், "அண்ணே, மொதத் தடவையா இந்த வண்டியில உசுர ஏத்திட்டு வந்திருக்கேன்" என்றான். அவன் கன்னம் நனைந்திருந்தது. நான் பிடித்துக் கிழித்த சட்டையைச் சரிசெய்யக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

தியேட்டர் கதவுக்குள் பெட்டி போனது. கதவு மூடியது. அதற்குப் பிறகு நானும் அக்காவும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு எதிரே மலைச்சாமி தரையில் குத்தவைத்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்திருந்தார். அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. ஆறுதல் சொல்லவும் மனம் வரவில்லை. கீழே ராக்கப்பன் தன் பெயரை மூடுவது எப்படி என்று முருகம்மாளிடம் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் மேலே கேட்டது.

உள்ளே ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு ஆள் பாக்கி இருந்தாள்.

கதவு மறுபடி திறந்தபோது அனுஷ்கா முகமூடியை இறக்கிவிட்டுச் சொன்னார். "ரெண்டு பையும் ஏத்தியாச்சு. தாயும் மகளும் நல்லா இருக்காக."

அக்கா என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டார். அழ வேண்டியவன் நான்தான். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டவர் அவர்.

யுவராணியை ஸ்ட்ரெச்சரில் வெளியே கொண்டுவந்தார்கள். சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தாள். முருகம்மாள் ஒரு டேப்லெட்டோடு பக்கத்தில் வந்தார். இந்தமுறை திரையின் மேலே அவருடைய சொந்தப் பெயர் இருந்தது.

"பாப்பாவப் பதியணும். பேரு அப்புறமா வைங்க. போன் நம்பர் மட்டும் சொல்லுங்க."

பழக்கதோஷம், வீரபாண்டியின் நம்பர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு மெல்லிய கை என் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"அண்ணே, சும்மா இரு" என்றாள் யுவராணி.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, தன்னுடைய நம்பரைச் சொன்னாள்.